செண்பகவல்லியின் ‘ஐம் அஃப்ரெய்ட்’

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் அந்த ஆபீஸ் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகளுக்குக்கூட நாகேஸ்வரனைத் தெரியும். பொழுது விடியுமுன் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து அவள் வெளியே வரும்போது, எதிர்ப்பக்கம் மரத்தடியில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருப்பான். மழைக்காலத்தில் கையில் அவளுக்கென்று தனியாக ஒரு ரெயின்கோட் இருக்கும். வெயில் காலத்தில் இளநீர். ஆபீஸில் கேப் வசதி உண்டு. ஒருநாள்கூட அவளை அதில் ஏற விட்டதில்லை.

“சேச்சிக்கு லாட்டரியாக்கும் அடிச்சிருக்கு” என்பாள் பக்கத்து சீட் ஷில்பா. செண்பகவல்லி சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. உற்றுப் பார்க்கும்படி அவளும் நின்றதில்லை.

செண்பகவல்லிக்குப் பிறந்த ஊர் நாகர்கோவில் வடசேரி. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். ஏதாவது ஒரு காலேஜில் பாடம் நடத்தவேண்டும் என்று ஆசை இருந்தது. அதற்குள் திருவனந்தபுரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பழவங்காடியில் பாத்திரக்கடை, கிழக்கேகோட்டைக்குப் பின்னால் சொந்த வீடு, குடிக்காத பையன். கல்யாணமான புதிதில் நாகேஸ்வரன் கடையிலிருந்து மணிக்கு ஒருதரம் போன் பண்ணுவான். சாப்பிட்டாயா, என்ன செய்கிறாய், யார் வந்தார்கள் என்று கேட்பான். அவளுக்கு அது இனித்தது. வடசேரியில் அவளுடைய அப்பா ஒருநாளும் அம்மாவிடம் இப்படிக் கேட்டதில்லை.

எப்போது இனிப்பு மாறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்குப் புது போன் வாங்கித் தந்தான். அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று தன் போனில் தெரிகிற மாதிரி செய்துகொண்டான். “நீ எங்க இருக்கேன்னு தெரிஞ்சா எனக்கொரு சமாதானம், அவ்வளவுதான்” என்றான். பிறகு மெயிலின் பாஸ்வேர்டைக் கேட்டான். பிறகு காலேஜ் சிநேகிதிகளின் வாட்ஸாப் குரூப் எதற்கு என்றான். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவதென்றால் அவனும் கூடவே வந்து, சாயங்காலமே கூட்டிக்கொண்டு திரும்பினான். கை ஓங்கியது கிடையாது. சத்தம் போட்டது கிடையாது. பிடிக்காதது நடந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். வீட்டுக்குள் அவள் ஒருத்தி இருப்பதே தெரியாதவன்போல அவளைத் தாண்டித் தாண்டி நடப்பான். சிலசமயம் வாரக்கணக்கில். கடைசியில் செய்யாத தப்புக்கும் சேர்த்து அவள்தான் போய் மன்னிப்புக் கேட்பாள்.

மகள் ஸ்ரீப்ரியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவளிடமும் கேட்டான். “அம்மா இன்னைக்கு போன்ல யாருகிட்டப் பேசினா, மக்கா?” பிள்ளை யோசித்து யோசித்துச் சரியாகச் சொல்லும். சொன்னால் சாக்லேட் உண்டு.

கடையில் வியாபாரம் படுத்துவிட்ட வருஷத்தில்தான் அவள் வேலைக்குப் போக அவன் சம்மதித்தான். ஆஸ்திரேலியாவில் ஒரு செல்போன் கம்பெனிக்கு வரும் அழைப்புகளை இங்கே உட்கார்ந்து எடுக்கிற வேலை. அங்கே காலை என்றால் இங்கே விடியாத நேரம். ஷிஃப்ட் மத்தியானத்தில் முடிந்துவிடுவதாலும், அது அவன் கடையடைத்துச் சாப்பிடவரும் நேரமாக இருந்ததாலும் அவனுக்கு வசதிப்பட்டது. செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்ற ஆபீஸ் விதி மட்டும் பிடிக்கவில்லை. செண்பகவல்லிக்கு அந்த விதிதான் பிடித்தது. வாசலில் லாக்கரில் போனை வைத்துப் பூட்டும்போது தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்ததுபோல இருக்கும்.

டிரெய்னிங் கொடுத்தவன் வினீத். கோட்டயத்துக்காரன், அவளைவிட இளையவன். முதல் வாரத்தில் ஒரு முழுநாள் ‘ஐம் அஃப்ரெய்ட்’ என்ற ஒரே சொல்லுக்காகப் போனது.

“கஸ்டமர்கிட்ட ‘நோ’ன்னு சொல்லக்கூடாது. ‘முடியாது’ன்னு சொல்லக்கூடாது. ‘ஐம் அஃப்ரெய்ட்’னு தொடங்கணும். ஐம் அஃப்ரெய்ட், அந்தப் பிளான் இப்போ இல்ல. ஐம் அஃப்ரெய்ட், டெலிவரி தாமசிக்கும். சொல்லுக்கு அர்த்தம் ‘பயமா இருக்கு’ன்னாலும் இது பயம் அல்ல, கேட்டோ. இது மரியாதை. கதவச் சாத்துமுன்ன ஒரு தலையணைய இடையில வைக்கிறோம், அவ்வளவுதான்.”

கஸ்டமர் ஒரு கெட்ட செய்தியைத் தானே யூகித்துக் கேட்டால் ‘ஐம் அஃப்ரெய்ட் ஸோ’ என்று முடித்துக்கொள்ளலாம். நல்லது நடக்குமா என்று கேட்டு, நடக்காதென்றால் ‘ஐம் அஃப்ரெய்ட் நாட்’. எம்.ஏ. படித்தவளுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதைச் சொல்லிச் சொல்லி, முகம் தெரியாத மனிதர்களுக்கு மறுப்புச் சொல்லப் பழகியபோது அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. ஆண்களிடம்கூட, கத்துகிறவர்களிடம்கூட, குரல் நடுங்காமல் அவளால் முடியாது என்று சொல்ல முடிந்தது.

ஒருநாள் பழவங்காடியில் சிக்னலுக்கு ஸ்கூட்டர் நின்றபோது இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். கணபதி கோவிலுக்கு முன்னால் யாரோ நேர்ச்சைக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வருந்துகிறேன் என்பது கம்பெனிக் கடிதம் மாதிரி இருந்தது. மன்னிச்சுக்கோங்க என்றால் தப்புச் செய்த மாதிரி. வீட்டில், நாகேஸ்வரனிடம், ஒன்று முடியாது என்று மெதுவாகச் சொல்வதற்கு அவளிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. கடுமையாகச் சொல்வதற்கும் இருக்கவில்லை.

அந்த அழைப்பு வந்தது ஆடி மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில். மெல்பர்னுக்கு வெளியே ஏதோ ஊரிலிருந்து ஹேலி என்ற பெண். குடும்பக் கணக்கிலிருந்து தன் நம்பரை மட்டும் பிரித்துத் தன் பெயரில் மாற்றவேண்டும் என்று கேட்டாள். குரலில் அவசரம் இருந்தது. செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். கணக்கு ஹேலியின் கணவன் பெயரில் இருந்தது.

“ஐம் அஃப்ரெய்ட், கணக்கு வைத்திருப்பவர்தான் இதைக் கேட்க முடியும்” என்றாள், பழகிய மென்மையோடு.

“அவருக்குத் தெரியாமல் முடியாதா?”

“ஐம் அஃப்ரெய்ட் நாட், மேடம்.”

பிறகு ஹேலி, “ஐம் அஃப்ரெய்ட்” என்றாள்.

செண்பகவல்லி காத்திருந்தாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் எப்போதும் ஒரு வாக்கியம் வரும். ஐம் அஃப்ரெய்ட், எனக்கு இது திருப்தி இல்லை. ஐம் அஃப்ரெய்ட், உங்கள் மேனேஜரிடம் பேசவேண்டும். விரல்கள் கீபோர்டின்மேல் தயாராக நின்றன. வாக்கியம் வரவில்லை. வரப்போவதில்லை என்று மெல்லப் புரிந்தது. அந்தப் பெண் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்த நேரத்தில் மறுபக்கம் ஒரு கதவு திறந்தது. ஒரு ஆண் இருமினான். உடனே ஹேலியின் குரல் பளிச்சென்று மாறியது. “ஆமா ஆமா, போன மாசத்துப் பில்லைப் பத்தித்தான் கேட்கிறேன்!” என்றாள், சிரிப்பு கலந்து.

அந்தப் பளிச்சைச் செண்பகவல்லிக்குத் தெரியும். வடசேரிக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது நாகேஸ்வரனின் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் குரலும் இப்படித்தான் மாறும். ஆமாம்மா, இன்னைக்குப் புளிக்கறிதான் வச்சேன், நல்லா வந்துது!

“மேடம், நான் கேட்பதற்கு ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்றாள் தாழ்ந்த குரலில். “அவர் பக்கத்தில் இருக்கிறாரா?”

“ஆமா, அதேதான்.”

“நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று இந்தப் போனில் பார்க்கிறாரா?”

“ஆமா, அந்தப் பிளானில்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.”

“இப்போதே போலீஸுக்குச் சொல்லவேண்டுமா?”

“இல்லை இல்லை, இன்றைக்கு வேண்டாம்.”

இந்த மாதிரி அழைப்புகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு உண்டு என்று டிரெய்னிங்கில் போகிறபோக்கில் சொல்லியிருந்தார்கள். ஆனால் இப்போது லைனை அங்கே மாற்றினால் புதுக்குரல் ஒன்று முதலிலிருந்து கேள்வி கேட்கும். “எப்போது திருப்பி அழைத்தால் சௌகரியம்?” என்றாள்.

ஹேலி ஒரு கணம்தான் யோசித்தாள். “உங்கள் கடை நாளைக்குப் பத்து மணிக்குத் திறக்குமா? அப்போ நான் தனியாகவே வந்து பார்த்துக்கொள்கிறேன்.”

“நல்லது. நாளை பத்து மணி” என்றாள் செண்பகவல்லி. லைன் போயிற்று. அடுத்த அழைப்பு வருவதைத் தடுக்கும் பட்டனை அழுத்திவிட்டு, நடந்ததையெல்லாம் தனிப் பிரிவுக்கு எழுதி அனுப்பினாள். நாளைப் பத்து மணிக்கு முன்னால் அழைக்க வேண்டாம், ஆண்குரல் எடுத்தால் எதுவும் சொல்லாமல் வைத்துவிடவும் என்று கீழே தனியாக எழுதினாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அழைப்புகளை ஒட்டுக்கேட்டு மார்க் போடுகிறவர்கள் அவளுக்கு அன்று பாதி மார்க்குக்கூடப் போடவில்லை. முடிக்கும்போது நன்றி சொல்லவில்லை, கணக்குச் சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் அதிகநேரம் பேசினாள் என்று எழுதியிருந்தது. டீம் லீடர் ரேஷ்மி ரெக்கார்டிங்கை முழுவதும் கேட்டுவிட்டு, மார்க்கை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டாள். அப்புறம் அவளைத் தன் கேபினுக்குக் கூப்பிட்டாள். ரேஷ்மிக்குச் சொந்த ஊர் பாறசாலை. தமிழும் மலையாளமும் ஒன்றாகவே பேசுவாள்.

“சேச்சி, அந்த ஆளு ரூம்ல வந்தான்னு நீங்க எப்படி மனசிலாக்கினீங்க? நான் ரெண்டு தடவ கேட்டேன். இருமல் சத்தத்த நான் கவனிக்கவே இல்ல.”

“சும்மா… தோணிச்சு” என்றாள் செண்பகவல்லி.

ரேஷ்மி அவள் முகத்தையே பார்த்தாள். “வீட்டுக்கு யாருக்காவது பேசணும்னா என் போன எடுத்துக்கோங்க. எப்பவும்” என்றாள். லீடர்கள் மட்டும் போனை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

மறுவாரம் அந்தப் போனை வாங்கி அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். பல வருஷத்தில் முதல்தடவையாக யாருடைய செருப்புச் சத்தத்துக்கும் காது கொடுக்காமல் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அம்மா உலகம்மை கேட்கத் தொடங்கினாள்.

“அடிக்கானா?”

“இல்லம்மா.”

“குடிக்கானா?”

“இல்ல.”

“வேற பொம்பள கிம்பள?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“பின்ன என்னட்டி? வெளுக்குமுன்ன கொண்டுவிடுகான், மத்தியானம் போயிக் கூட்டிட்டு வாறான். இந்த ஊர்ல எவன் செய்யான் இத? உங்கப்பன் ஒருநா என்னைய பஸ் ஏத்திவிட்டிருக்கானா?”

“அம்மா, எனக்குப் பயமா இருக்கு.”

“எதுக்குப் பயம்?”

நாய்க்குப் பயம் என்றால் நாயைக் காட்டலாம். இருட்டுக்குப் பயம் என்றால் விளக்கைப் போடலாம். ரெயின்கோட்டும் இளநீருமாக மரத்தடியில் நிற்கும் ஒருவனை எப்படிக் காட்டுவது? “ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா இதை அவனிடம் உளறிவிடுவாளோ என்ற கவலை வேறு கூட வந்தது. உலகம்மை உளறவில்லை. ஆனால் அதன்பிறகு நாகேஸ்வரனிடம் போனில் பேசும்போது இன்னும் கொஞ்சம் குழைந்து பேசினாள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ரேஷ்மி அவளை மறுபடி கூப்பிட்டாள். “சேச்சியோட ரிக்வெஸ்ட் கிடைச்சுது. வீட்ல இருந்தே வேல செய்யணும்னு எழுதியிருக்கீங்களே. அடுத்த மாசத்துலேர்ந்து கம்ப்யூட்டர் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

செண்பகவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. ரேஷ்மி திரையைத் திருப்பிக் காட்டினாள். அவளுடைய மெயிலிலிருந்துதான் வந்திருந்தது. மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றும், குடும்பச் சூழ்நிலையைக் கருதவேண்டும் என்றும் இருந்தது. கீழே அவள் பெயர். அவள் ஒருநாளும் அப்படி எழுதமாட்டாள். ‘தயவுகூர்ந்து’ என்பதை நாகேஸ்வரன் கடைக் கடிதங்களில் எப்படி ஆங்கிலத்தில் எழுதுவானோ, அப்படியே இருந்தது.

வீடு கண்முன் வந்தது. வாசல் அறையில் ஒரு மேஜை. காதில் ஹெட்செட். பக்கத்தில் நாற்காலி போட்டு அவன். லாக்கரும் இல்லை, ஷில்பாவும் இல்லை, சாயாவுக்கு எழுந்து போகும் வராந்தாவும் இல்லை.

“இது நான் அனுப்பல” என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “என் மெயில்லேர்ந்து அவர் அனுப்பியிருக்கார்.”

சொன்னது அவ்வளவுதான். ரேஷ்மிக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “இத நான் கேன்சல் பண்ணினா, அவர் திரும்பவும் அனுப்புவார் அல்லே?”

“அனுப்புவார்.”

“அப்ப வேற வழி நோக்கலாம். அந்த ஸ்பெஷல் டீம்ல ஆள் வேணும். ஹேலியோட கேஸ் கேட்டுட்டு அவங்களே உங்கள விசாரிச்சாங்க. அந்த வேலைய வீட்ல இருந்து செய்யவே முடியாது. கஸ்டமரோட பாதுகாப்பு, அதனால ஆபீஸ்ல, பூட்டின ரூம்ல மட்டும்தான். விதி அது. நீங்க ஒப்பு போட்டா போதும்.” பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்கிறவள்போல, “அந்த நம்பர் இப்போ ஹேலி பேர்ல இருக்கு” என்றாள்.

யாரையும் கேட்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று செண்பகவல்லிக்கு நினைவில்லை. ஸ்ரீப்ரியாவின் பள்ளி விண்ணப்பத்தில்கூட அவன்தான் போட்டான். ஒப்பு கோணலாக விழுந்தது. ஆனாலும் அது அவளுடையதுதான்.

அன்று மத்தியானம் மரத்தடியில் ஸ்கூட்டரில் ஏறுமுன் சொல்லிவிட்டாள். ஏறி உட்கார்ந்தால் அவன் முதுகைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராது.

“வீட்ல இருந்து வேல பார்க்கமுடியாது. என்னைய வேற டீமுக்கு மாத்தியிருக்காங்க. ஆபீஸ்ல வந்துதான் செய்யணும்.”

“யாரைக் கேட்டு?”

“நான் ஒப்பு போட்டுட்டேன்.”

நாகேஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கோபம் இல்லை. ஏமாற்றம்போல ஒன்றை முகத்தில் கொண்டுவந்தான். “உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். உனக்கு அலைச்சல் வேண்டாம்னு. சரி, இப்ப நீயா முடிவெடுக்க ஆரம்பிச்சாச்சு. எடு.” அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பினான்.

பேச்சு நின்றது. முன்பெல்லாம் நின்றதைவிட அழுத்தமாக நின்றது. அவள் பரிமாறிய தட்டை நகர்த்திவிட்டுத் தானே எழுந்துபோய்ப் போட்டுச் சாப்பிட்டான். ஸ்ரீப்ரியா மூலமாகவே எல்லாம் சொல்லப்பட்டது. “அம்மயோடு பற”, அம்மாவிடம் சொல் என்று மலையாளத்தில் பிள்ளையை ஏவுவான். பிள்ளை வந்து சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஓடிவிடும். எத்தனையோ தடவை போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. ஒருநாள் அவன் அறை வாசல்வரை போய்விட்டாள். கேட்டுவிட்டால் அடுத்து அவள் பெயரில் இன்னொரு மெயில் போகும் என்று தோன்றவும் திரும்பி வந்தாள். ஆனாலும் விடியுமுன் ஸ்கூட்டர் கிளம்பும். மத்தியானம் மரத்தடியில் நிற்கும். அதை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

புது அறையில் ஜன்னல் இல்லை. கதவு உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும். அங்கே வரும் பெண்கள் பலரும் அதே பளிச்சென்ற குரலில்தான் பேசினார்கள். சிலர் பேசாமலே வைத்துவிடுவார்கள். சிலருக்கு இவள் ஒன்றும் செய்ய முடியாது. ஒருத்தி தன் போனிலிருந்து எல்லாவற்றையும் எப்படி நீக்குவது என்று கேட்டபோது, செண்பகவல்லி படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் படிகள் அவளுக்கு மனப்பாடம் ஆயின. தன் போனில் அவற்றை அவள் செய்யவில்லை. செய்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், தெரிந்தால் ஸ்ரீப்ரியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு எங்கே போவது என்பதற்கு இன்னும் அவளிடம் பதில் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் அவள் வெளியே வந்தபோது மரத்தடி காலியாக இருந்தது. வெகுநேரம் நின்றாள். லாக்கரிலிருந்து எடுத்த போனில் அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அவளாகக் கூப்பிட்டால் எடுக்கமாட்டான் என்று தெரியும். விபத்தாக இருக்குமோ என்று நினைத்தாள். ஒளிந்து நின்று பார்க்கிறானோ என்றும் தோன்றியது. சுற்றுமுற்றும் பார்த்தாள். செக்யூரிட்டி, “இன்னு சார் வந்நில்லே?” என்று கேட்டான். தலையை ஆட்டிவிட்டு ரோட்டைத் தாண்டி, வந்த கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிப்பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போய்த் திரும்பும் தென்காசிக்காரர்கள், மீன்கூடையோடு ஒரு அம்மாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் தனியாக பஸ்ஸில் போவது இதுவே முதல் என்பது உள்ளூர் ஜங்ஷன் ஸ்டாப் வரும்போதுதான் உறைத்தது. அடுத்த பட்டம் ஸ்டாப் வரைக்கும் பயந்துகொண்டே வந்தாள். பாளையம் தாண்டும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்து வெளியே பார்த்தாள். பயம் போகவில்லை. ஆனால் காற்று வந்தது.

வீட்டில் நாகேஸ்வரன் வாசல் அறையில் உட்கார்ந்திருந்தான். அடிபட்ட மாதிரியும் இல்லை, அலைந்த மாதிரியும் இல்லை; வேண்டுமென்றேதான் வராமல் இருந்திருக்கிறான். கையில் போன் இருந்தது. அவள் எந்தெந்த ரோட்டில் வந்தாள் என்பது அதில் நகர்ந்து நகர்ந்து வந்திருக்கும். பல வாரங்களுக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தான்.

“பஸ்லயா வந்த?”

“ஆமா.”

“யாரு கூட?”

செண்பகவல்லி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “பஸ் நெறைய ஆளு கூட” என்றாள்.

அவன் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை. உள்ளே போய்க் கை கால் கழுவிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள். ஸ்ரீப்ரியா வர நேரமாயிற்று, பிள்ளைக்கு ஏதாவது செய்யவேண்டும். வாசல் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டாள்.